லூ என்ற வேர்

ஞாயிற்றுக்கிழமை காலையில் உதயசூரியன் மீன் பையோடு வந்து நின்றபோது உமா மகேஸ்வரிக்கு அதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. வண்டூரிலிருந்து வருகிற அண்ணன் தங்கை வீட்டுக்கு வெறும் கையோடு வரவே மாட்டான். ஆனால் பையை வைத்த கையோடு வாசல் கதவைச் சாத்தினான், பிறகு ஜன்னலையும் சாத்தினான் பாருங்கள், அங்கேதான் அவளுக்கு என்னமோ போல் ஆனது. தீவின் மின்னி பே கரையில் இருந்த அந்த வீட்டுக்குக் கடல் காற்று வருகிற ஒரே ஜன்னல் அது. அதைச் சாத்திவிட்டுப் பேசுகிற சங்கதி நல்ல சங்கதியாக இருக்க முடியாது.

“நீ பாஷ செய்யிறவதானே. இதக் கேளு,” என்று செல்போனை நீட்டினான்.

குக்கர் விசில், குழாய்த் தண்ணீர், நடுவில் இரண்டு பெண் குரல்கள். ஒன்று அவன் மனைவி சுகுணாவுடையது. இன்னொன்று பத்தாவது படிக்கிற மகள் ஷீலாவுடையது. பேசுவது தமிழ் இல்லை, ஹிந்தி இல்லை, இந்தத் தீவில் காதில் விழுகிற வங்காளமோ தெலுங்கோ நிக்கோபாரியோகூட இல்லை.

“ரொம்ப நாளா இப்படித்தான் குசுகுசுன்னு. கேட்டா, ஷீலா ஏதோ மாயாஜாலக் கத எழுதுறாளாம், அதுல வர்ற பாஷயாம். நான் உள்ள நுழைஞ்சா கப்புனு நிறுத்திடுறாளுக. மத்லப், அதாவது என்னமோ இருக்கு.”

“எப்படிண்ணே ரெக்கார்ட் பண்ணுன?”

“பழைய போன் ஒண்ண அரிசி டப்பாவுக்குப் பின்னாடி சார்ஜ்ல போட்டு வச்சிருக்கேன். சத்தம் கேட்டா தானா ஓடும்.”

மழைக்குக் குடை எடுத்து வைத்திருக்கிறேன் என்பது போல அதைச் சொன்னான். அப்போதே அவள் சந்தேகம் அவன் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. அப்பா போன பிறகு காலேஜை விட்டுவிட்டு வெயிலில் நின்று கான்ட்ராக்ட் வேலை பார்த்து அவளைப் படிக்க வைத்தவன். அண்ணன் ஒன்று சொன்னால் அதை எடை போட்டுப் பார்க்கிற பழக்கமே அவளுக்கு இல்லை. சுகுணாவோ கச்சால் தீவு ரப்பர் தோட்டத்துப் பெண், தாத்தா காலத்தில் சிலோனிலிருந்து கப்பலில் கொண்டுவந்து குடிவைத்த குடும்பம். எப்போது பார்த்தாலும் வாயில் கொழுக்கட்டை வைத்தவள் மாதிரி இருப்பாள். பேசாதவர்களை உமாவுக்கு என்றைக்குமே பிடித்ததில்லை.

உமா பாஷை செய்கிறவள் என்றானே, அது கேலி இல்லை, அவள் பிழைப்பே அதுதான். பெங்களூரில் ஒரு கம்பெனி கற்பனைத் தேசங்களை வைத்து கம்ப்யூட்டர் விளையாட்டு தயாரிக்கிறது. அந்தத் தேசத்து ராஜாக்களும் பூதங்களும் பேசுவதற்கு ஒரு பாஷை வேண்டுமே. அதை இங்கிருந்தே செய்து அனுப்புகிறாள். புருஷன் கப்பலில் எஞ்சின் பார்ப்பவர், பாதி நாள் கடலில் இருப்பார். வீட்டில் அவளும் அவளுடைய வேர்ச்சொற்களும்தான். முதலில் தண்ணீருக்கு ஒரு வேர், கைக்கு ஒரு வேர், நெருப்புக்கு ஒரு வேர். பிறகு தண்ணீர் வேரிலிருந்து தாகம், படகு, அழுகை, துவைக்கிறவள் என்று ஒவ்வொன்றாகக் கிளைக்க விடுவாள்.

புதிதாக இந்த வேலையில் இறங்குகிறவர்கள் எப்படிச் செய்வார்கள் என்று அவளுக்கு அத்துப்படி. எடுத்த எடுப்பில் வாளுக்கும் நிலவுக்கும் பேர் வைப்பார்கள், தும்மலுக்கு வைக்க மறந்துவிடுவார்கள். சொற்கள் எல்லாம் நீளநீளமாக, கடையில் வாங்கி இன்னும் கழுவாத பாத்திரம் மாதிரி பளபளவென்று இருக்கும். இந்தப் பதிவில் கேட்ட சொற்கள் அப்படி இல்லை. குட்டையாக, வால் தேய்ந்து, பாதியை விழுங்கிக்கொண்டு வந்தன. நாள் கணக்கில் வாயில் புரண்டால்தான் ஒரு சொல் அப்படித் தேயும். பள்ளிக்கூடப் பெண் கதைக்காகச் செய்த பாஷை என்றால் அது எப்படித் தேய்ந்தது?

“இது விளையாட்டு இல்லண்ணே. நான் பாக்குறேன்,” என்றாள். அப்படிச் சொன்னபோது அவளுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

செவ்வாய்க்கிழமையே போன் செய்து சொல்லிவிட்டு, புதன்கிழமை வண்டூருக்குப் பஸ் ஏறினாள். அண்ணன் சைட்டுக்குப் போயிருந்தான். சுகுணா சிரித்து, “வாங்க உமா,” என்று பிளேன்டீ கொண்டுவந்து வைத்தாள், அவ்வளவுதான். ஷீலா கேட்பதற்கு முன்பே தன் போனைத் திறந்து கதையைக் காட்டினாள். சிப்பிக்குள் வாழ்கிற மனிதர்களின் தேசம், அதற்கு ஒரு அகராதி. வாள், நிலவு, மகுடம், பறக்கும் ஆமை. ஒவ்வொன்றுக்கும் மூச்சு வாங்குகிற நீளத்தில் ஒரு சொல்.

உமா ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தாள். பதிவில் கேட்ட ஒரு சொல்கூட அந்த அகராதியில் இல்லை. ஆக, இங்கே இரண்டு பாஷைகள் இருக்கின்றன. ஒன்று காட்டுவதற்கு, இன்னொன்று பேசுவதற்கு.

“அழகா இருக்குடா,” என்றாள்.

“தேங்க்ஸ் அத்தை,” என்ற அந்தப் பெண் அத்தையின் முகத்தைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்தாள்.

புறப்படும்போது சுகுணா வாசல் வரை வந்து, “குடை வச்சிருக்கீங்களா? அந்த வெளிச்சம் சுள்ளுனு அடிக்குது,” என்றாள். அது குடும்பமே வேடிக்கை பேசுகிற விஷயம். புருஷன் பேரைச் சொல்லக் கூடாது என்று ஊரில் சிலர் இருப்பார்கள், சுகுணா அதிலும் ஒரு படி மேலே. உதயசூரியன் என்ற பேரில் சூரியன் இருக்கிறதே, அதனால் சூரியனையே சொல்ல மாட்டாள். சூரியகாந்தி எண்ணெய் அவளுக்கு மஞ்சப்பூ எண்ணெய். நாத்தனாராக உமா எத்தனையோ முறை வம்புக்கு இழுத்துச் சிரித்திருக்கிறாள். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு சொல்லை இத்தனை வருஷம் நாக்கில் படாமல் காப்பாற்றுகிறவளுக்கு வேறு எதை மறைக்கத் தெரியாது என்றுதான் பஸ்ஸில் நினைத்துக்கொண்டு வந்தாள்.

மறுநாளே முதல் வேர் அகப்பட்டது. ‘டோங்’ என்று அடிக்கடி வந்தது. கெட்டிக்காரத்தனம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. இந்தத் தீவுகளில் எஞ்சின் படகை டோங்கி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அதன் வாலை வெட்டினால் டோங். அது வந்த இடங்களிலெல்லாம் கூடவே லாங் ஐலண்ட் என்ற பேரும் வந்தது. சுகுணாவின் அக்கா இந்திராணி வாழ்க்கைப்பட்ட இடம் அது. அந்த வீட்டில் ஆள் பலம் அதிகம், அங்கே போனால் உதயசூரியனே குரலைத் தாழ்த்தித்தான் பேசுவான்.

அவளுக்குக் கை சும்மா இருக்கவில்லை. உடனே அண்ணனுக்குப் போன் போட்டு, “எங்கயோ கிளம்புறதப் பத்திப் பேசிக்கிறாங்கண்ணே,” என்று சொல்லிவிட்டாள்.

மறுமுனையில் அவன் கத்தவில்லை. “ம்,” என்றான். சாயங்காலமே வந்து சுகுணாவும் ஷீலாவும் கப்பலுக்கு டிக்கெட் எடுக்கக் காட்டவேண்டிய ஆதார், தீவுவாசிகளுக்குத் தருகிற ஐலண்டர் கார்டு எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு அவள் கையில் கொடுத்தான். “இது உங்கிட்ட இருக்கட்டும். நாளைக்கு நான் ஹட் பே சைட்டுக்குப் போறேன், ஞாயித்துக்கிழமைதான் திரும்பி வர ஷிப். வந்து பேசிக்கிறேன் அவகிட்ட.” புதிய பதிவுகளையும் அவள் போனில் ஏற்றிவிட்டுப் போனான்.

அந்தப் ‘பேசிக்கிறேன்’ அவளுக்குப் பிடிக்கவில்லை. அண்ணன் சொன்ன ஒன்று அவளுக்குப் பிடிக்காமல் போனது அதுதான் முதல் தடவை. ஏன் என்று தெரியாமலே மறுநாள் காலையில் பதிவுகளை மறுபடி போட்டுக் கேட்க உட்கார்ந்தாள். இதுவரை சொற்களை மட்டும்தான் கேட்டிருந்தாள். இப்போது சொற்களுக்கு முன்னால் வருகிற சத்தங்களையும் சேர்த்துக் கேட்டாள்.

கேட் தேய்ந்து திறக்கிற சத்தம். உடனே ஷீலாவின் குரல்: “லூமா.” மறுநாளும் கேட், மறுநாளும் லூமா. சில நாள் கேட்டுக்கு அப்புறம் செருப்பை உதறி எறிகிற சத்தம் வந்தது, அப்போது லூமா இல்லை, “லூதக்.” அதைச் சொன்னதும் டிவி அடங்கிவிடும், பாத்திரச் சத்தம் நின்றுவிடும், ஒரு அறைக் கதவு சாத்திக்கொள்ளும்.

லூ. அந்த வேர் எங்கிருந்து வந்தது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை, அது வந்த இடம் அவள் மடி. ஷீலாவுக்குப் பேச்சு வராத வயதில் வண்டூர்க் கரையில் அவளை மடியில் வைத்துக்கொண்டு உமா உட்கார்ந்திருந்தாள். குழந்தை மேற்கே கை நீட்டி, “லூ, லூ,” என்றது. சூரியன் என்று சொல்ல வழியில்லாத சுகுணா அதைக் கேட்டு அப்படிச் சிரித்தாள். எனக்கு ஒரு பேர் கிடைச்சிடுச்சு என்றாள். கொஞ்ச நாள் வீட்டில் அவளும் குழந்தையும் சூரியனை லூ என்றே சொன்னார்கள். அண்ணன் அப்போதும் சைட்டில் இருந்தான், அவனுக்குத் தெரியாது. உலகத்தில் அந்த வேரின் பிறப்பைத் தெரிந்த மூன்றாவது ஆள் உமா ஒருத்திதான்.

சூரியனில் தொடங்கிய சொல், யார் பேரைச் சொல்லக் கூடாதோ அவனிடமே போய்ச் சேர்ந்திருக்கிறது. லூ என்றால் அவன். ‘மா’ என்றால் ஆயிற்று: லூமா, அவன் வந்தாயிற்று. லூதக், கோபத்தோடு வருகிறான். லூபெ, அவன் தூங்கிவிட்டான், அது குறட்டைக்கு அப்புறம் வந்தது, அதற்குப் பிறகுதான் சுகுணா மூச்சு விட்டாள். ‘லூனை’க்கு அர்த்தம் கண்டுபிடிக்கத்தான் நேரம் பிடித்தது. அண்ணன் சிரித்துக்கொண்டே, “ஏண்டி, இன்னிக்கு யாரு போன் பண்ணுனா?” என்று கேட்டபடி உள்ளே வருகிறான். ஷீலா மெதுவாக லூனை என்கிறாள். பிறகு ஒரு தட்டு சுவரில் மோதுகிறது. சிரிக்கிறான், நம்பாதே. அதற்கு ஒரு தனிச் சொல்லே வேண்டியிருக்கிறது அந்த வீட்டில்.

உமா போனை நிறுத்தினாள். வாழ்க்கை எங்கே நெருக்குகிறதோ அங்கேதான் பாஷையில் சொல் பெருகும், அது அவள் தொழிலின் பால பாடம். தன் விளையாட்டில் வருகிற செம்படவர்களுக்கு அலைக்கென்றே அத்தனை சொல் செய்து கொடுத்தவள் அவள். இவர்களுக்குப் பெருகியிருந்தது ஒரு ஆளின் வருகைக்கு. ஒரு தடவை சுகுணா மணிக்கட்டில் கட்டோடு இருந்தாள், படியில் வழுக்கிவிட்டது என்றாள், உமாவும் பார்த்து நடக்கக் கூடாதா என்று கடிந்துகொண்டாள். நினைக்கவே கூசியது. இந்தப் பாஷையில் அவர்களுக்கு இருந்த ஒரே பத்திரமான சொல் டோங். அதைத்தான் இவள் கண்டுபிடித்து அவன் கையில் கொடுத்திருக்கிறாள்.

இன்னும் ஒரு சொல் பாக்கி இருந்தது. ‘நெக்’ என்று சுகுணா சொல்லும்போதெல்லாம் ஷீலா குரலைத் தாழ்த்தினாள். அப்படியானால் காது, ஒட்டுக்கேட்பது. அதிலிருந்து ‘லூநெக்’, அவனுடைய காது. செவ்வாய்க்கிழமை பதிவில் அது இரண்டு தடவை வந்தது. டப்பாவுக்குப் பின்னால் இருக்கிற போனைக் கண்டுபிடித்துவிட்டார்களோ? அப்படியும் எப்படி அதன் எதிரிலேயே பேசினார்கள்? அது மட்டும் அவளுக்கு இடித்தது.

சனிக்கிழமை விடிந்ததும் கவரைக் கைப்பையில் வைத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் கிளம்பினாள். போன் செய்யவில்லை. போனில் எதைச் சொல்வது, எந்தக் காது கேட்கும் என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. நாளைக்குக் காலையில் லாங் ஐலண்டுக்குக் கப்பல். சாயங்காலம் அண்ணன் வந்து இறங்குவான்.

கேட்டைத் தள்ளினாள். வாசலில் கோலப் பொடியோடு உட்கார்ந்திருந்த ஷீலா நிமிர்ந்து பார்த்தாள். பார்த்ததும் உள்ளே முகத்தைத் திருப்பி, சாதாரணமாக, மழை வருது என்பது போலச் சொன்னாள்: “அம்மா, லூநெக்.”

அந்தச் சொல் பதிவான செவ்வாய்க்கிழமைதான் உமா, புதன்கிழமை வருகிறேன் என்று போன் செய்திருந்தாள், அவளுக்குத்தான் அந்தப் பேர். அவனுடைய காது. தேய்ந்து போயிருந்தது அந்தச் சொல்லும். இன்றைக்கு நேற்று வைத்த பேர் இல்லை. எத்தனையோ வருஷமாக அவள் இந்த வீட்டுக்கு வந்து பிளேன்டீ குடித்துவிட்டு, பார்த்ததையெல்லாம் அண்ணனிடம் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். மதினி புதுச் சேலை கட்டியிருந்தாங்கண்ணே. மதினி யாரோடயோ போன்ல பேசிட்டிருந்தாங்கண்ணே. அவளுக்கு அழுகை வந்தது, ஆனால் இங்கே நின்று அழ அவளுக்கு என்ன உரிமை என்று அடக்கிக்கொண்டாள்.

சுகுணா சமையலறையில் இருந்தாள், கோலப் பொடிக் கிண்ணத்தோடு ஷீலாவும் பின்னாலேயே வந்தாள். “வாங்க உமா. சொல்லாம வந்திருக்கீங்க?” முகம் சிரித்தது, கை அடுப்பை அணைத்தது.

அரிசி டப்பா அலமாரியில் இருந்தது. அதன் பின்னாலிருந்து மெல்லிய ஒயர் பிளக்குக்குப் போனது. இவர்களுக்கு அது தெரியாது. இங்கே அவள் தமிழில் வாயைத் திறந்தால் ஒவ்வொரு சொல்லும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவன் காதுக்குப் போய்ச் சேரும். போனைப் பிடுங்கிப் போட்டாலோ அவன் வந்ததும் அதற்கும் சுகுணாதான் பதில் சொல்ல வேண்டும்.

“சும்மாதான் மதினி. ஷீலா கதையப் படிக்கலாம்னு வந்தேன்,” என்று சத்தமாகச் சொன்னாள். “நானும் ஒரு பார்ட் வாசிக்கிறேன்டா, சரியா இருக்கான்னு பாரு.”

பிறகு ஆள்காட்டி விரலைத் தன் நெஞ்சில் வைத்தாள். “லூநெக்,” என்றாள்.

ஷீலாவின் கையிலிருந்த கோலப் பொடிக் கிண்ணம் கீழே விழுந்தது. சுகுணாவின் முகத்தில் ரத்தமே இல்லை. அவர்களுக்கென்று இருந்த ஒரே அறைக்குள் ஒருத்தி சாவி போட்டு நுழைந்துவிட்டாள், அதுவும் இவள்.

உமா தலையை ஆட்டினாள், இனி நான் இல்லை என்று. அதே விரலை அரிசி டப்பாவின் பக்கம் நீட்டினாள். “லூநெக்.” ஒயரைத் தொட்டுக் காட்டினாள்.

சுகுணா எட்டிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் முகத்தில் பயம் போய் வேறு ஒன்று வந்ததை உமா கண்டாள், அது கோபம். இத்தனை வருஷத்தில் சுகுணாவுக்குக் கோபம் வந்து அவள் பார்த்ததே இல்லை.

கைப்பையிலிருந்து கவரை எடுத்து மேடையில் வைத்தாள். யாரும் தொடவில்லை. அவன் கொடுத்து அனுப்பி வேவு பார்க்கிறானோ என்று அவர்கள் நினைப்பது அப்பட்டமாகத் தெரிந்தது. நினைக்கத்தானே வேண்டும். அவர்கள் இடத்தில் இருந்தால் உமாவும் அப்படித்தான் நினைப்பாள்.

“டோங்,” என்றாள். அடுத்த சொல் அவளுக்குத் தெரியவில்லை. நாளை என்பதற்கு அந்தப் பாஷையில் என்ன என்று அவள் கண்டுபிடித்திருக்கவில்லை. பாஷை செய்கிறவள் ஒரு சொல் கிடைக்காமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். கடைசியில் தன் டிக்கெட் ஆப்பைத் திறந்து காலைக் கப்பலின் நேரத்தைக் காட்டினாள்.

சுகுணா மகளிடம் என்னவோ சொன்னாள். நீளமாக, வேகமாக. அதில் ஒரு சொல்கூடப் பதிவுகளில் வந்ததில்லை. உமாவின் மூளை பழக்கத்தில் அதன் வேரைத் தேடக் கிளம்பியது. அவள் அதைப் பிடித்து நிறுத்தினாள். “நல்லா எழுதியிருக்கேடா,” என்று டப்பாவைப் பார்த்துச் சொல்லிவிட்டு வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினாள். பின்னால் யாரும் வழியனுப்ப வரவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் மின்னி பே வீட்டு மாடிப்படியில் செருப்பு உதறி எறிகிற சத்தம் கேட்டது. உமாவின் வாயில் தானாக ஒரு சொல் வந்து நின்றது, லூதக். அந்தச் சத்தத்துக்குத் தமிழில் அவளிடம் சொல் இருந்ததே இல்லை. அது இல்லாமலே இத்தனை நாள் எப்படி அண்ணனைத் தெரியும் என்று நினைத்தாள்.

உதயசூரியன் உட்காரவில்லை. “கார்ட் எங்க?”

“சனிக்கிழமை போனப்ப மதினிகிட்ட குடுத்துட்டேன். அவங்க கார்டுதானே.”

அவன் அவளைப் பார்த்தான். படிக்க வைத்த கண்ணால் இல்லை. இதற்கு முன்பு சுகுணாவைப் பார்த்த கண் அது, இப்போது இவள் மேல் வந்து நின்றிருக்கிறது. அவளுக்குப் பயமாக இருந்தது, அதை வெளியே காட்டவில்லை.

“நீயும் பேசுன. போன்ல கேட்டேன். என்ன பேசுன?”

“கத வாசிச்சேண்ணே.”

“அரே, நீ போனதுக்கப்புறம் ஒரு நாள் பூரா ரெண்டு பேரும் வாயே தொறக்கல. ஞாயித்துக்கிழமை காலைல இது மட்டும் இருக்கு.” போனை மேஜையில் வைத்து அழுத்தினான். “இதுக்கு என்ன அர்த்தம் சொல்லு.”

பெட்டியை இழுக்கிற சத்தம். கதவுத் தாழ்ப்பாள். பிறகு கால்கள் திரும்பி உள்ளே வந்தன, அலமாரிக்குப் பக்கத்தில் நின்றன. இந்தப் போன் யாரிடம் போய்ச் சேரும் என்று தெரிந்தே, டப்பாவுக்கு அருகில் வாயை வைத்து, ஒவ்வொரு எழுத்தாக ஷீலா சொன்னாள்:

“நெக். டோங்மா.”

டோங்மா, கிளம்பியாயிற்று. நெக்குக்கு முன்னால் லூ இல்லை, வெறும் காது. உமா மறுபடி கேட்க வேண்டும் போல் பார்த்தாள், அவனே மறுபடி போட்டான். இல்லவே இல்லை.

“யாரக் கூப்பிடுறா? என்ன சொல்றா?”

“தெரியலண்ணே,” என்றாள் உமா. எழுந்து போய், அவன் வந்ததும் சாத்தியிருந்த ஜன்னலைத் திறந்துவிட்டாள்.